முட்டை இறங்காத கோழி

கால்நடை மருத்துவப் பணியில் கோழிக்காக வரும் தொலைபேசி அழைப்புகளுக்கென்று ஒரு குணம் உண்டு. மாடு வளர்ப்பவர் அறிகுறியைச் சொல்லிவிட்டு என்னவாக இருக்கும் என்று கேட்பார். வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவரோ நோயைத் தாமே தீர்மானித்து, வைத்தியத்தையும் பாதி தொடங்கிவிட்டு, மீதிக்குத்தான் நம்மை அழைப்பார். "டாக்டர், முட்டை உள்ளேயே மாட்டிக்கிச்சு, எப்படி வெளியே எடுக்கிறது?" என்ற கேள்வியைக் கேட்கும்போதே, மறுமுனையில் ஒரு கை எண்ணெயில் நனைந்து தயாராக இருப்பது எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கையைச் சற்று நேரம் நிறுத்திவைப்பதே நான் செய்கிற முதல் சிகிச்சை.

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் கோழியெல்லாம் முட்டை அடைத்த கோழி ஆகிவிடாது. அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தூக்கி வெந்நீரில் இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடைக்கோழி கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்த வரும். நாளுக்கு ஓரிரு முறை இறங்கி, தின்று குடித்து, மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் பெரிய எச்சமொன்றைப் போட்டுவிட்டுத் திரும்பவும் போய் அமர்ந்துகொள்ளும். முட்டை அடைத்த கோழிக்கு அந்தத் திமிர் இருக்காது. அது கூட்டுக்குள் போகும், வரும், மறுபடி போகும். உட்கார்ந்து முக்கும், ஒன்றும் வராமல் எழுந்து நிற்கும். உடல் செங்குத்தாக நிமிர்ந்திருக்க, வால் தாழ்ந்து, மூச்சுக்கு மூச்சு அந்த வால் மேலும் கீழும் ஆடும். கொண்டை வெளிறும், கண் பாதி மூடும், எச்சம் மிகச் சிறிதாகவோ வெறும் நீராகவோ வரும். சில கோழிகள் நொண்டத் தொடங்கும்; காலில் அடிபட்டுவிட்டது என்று கொண்டுவருவார்கள். இடுப்புக்குள் தங்கிய முட்டை, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால் வரும் நொண்டல் அது.

படம் எடுத்து அனுப்பச் சொன்னால் எல்லோரும் கோழியின் முகத்தையே அனுப்புகிறார்கள். வருத்தமான முகம்தான், மறுக்கவில்லை; ஆனால் எனக்கு வேண்டியது பின்பக்கமும் அது நிற்கும் நிலையும்தான்.

நேரில் வந்தால் கைதான் சொல்லும். கோழியின் தலை என் முதுகுப் பக்கம் இருக்குமாறு அக்குளில் அணைத்து, இறக்கைகளை முழங்கையால் அடக்கிக்கொண்டு, மறு கையை அடிவயிற்றில், மார்பெலும்பு முடியும் இடத்திற்கும் இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கும் நடுவே வைப்பேன். முட்டையிடும் கோழியில் அந்த இரு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல் அகலம் இருக்கும். முட்டையே இடாத கோழியில் ஒரு விரல்கூட நுழையாது, அத்தோடு முட்டை அடைப்பு என்ற பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். முட்டை இருந்தால், தோலுக்கும் கொழுப்புக்கும் அப்பால் உருண்டையான ஒரு கடினம் விரல் நுனியில் மெல்லத் தட்டுப்படும். நிச்சயப்படுத்த, கையுறை அணிந்த சுட்டுவிரலில் நீர்ப்பசை (வழுக்கலுக்காகத் தடவும் எண்ணெயில்லாத ஜெல்லி) தடவி, எச்சத்துவாரத்தின் வழியே நேராக, திருப்பாமல், ஓரிரு அங்குலம் மட்டும் உள்ளே செலுத்துவேன். அங்கே முட்டை இருந்தால் மெல்லிய சுவருக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்பின் உறுதி உடனே தெரியும். ஒன்றும் தட்டுப்படாமல் வயிறு மட்டும் நீர் நிரம்பிய பைபோலத் தளும்பினால், விஷயம் வேறு: மஞ்சள் கரு வயிற்றறைக்குள் விழுந்து அழற்சியாகியிருக்கலாம், கட்டியாக இருக்கலாம். அந்தக் கோழியை எத்தனை முறை வெந்நீரில் உட்கார வைத்தாலும் பயனில்லை.

முட்டை ஏன் தங்குகிறது என்பதை விளக்கிச் சொன்னால் மக்கள் பொறுமை கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். கோழிக்குப் பொதுவாக இடப்புறச் சூலகமும் இடப்புற முட்டைக்குழாயும் மட்டுமே வளர்ந்து வேலை செய்கின்றன. சூலகத்திலிருந்து விடுபடும் மஞ்சள் கரு இந்த ஒரே பாதையில் இறங்கி வெளியே வர ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாகும் பையிலேயே கழிகிறது. ஒரு முட்டையின் ஓட்டுக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகமான கால்சியம் தேவை. தீவனத்திலிருந்து கிடைப்பது போதாத நேரத்தில் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்குவதற்கும் இதே கால்சியம்தான் வேண்டும். ஆகவே கால்சியம் குறைந்த கோழிக்கு இரண்டு பக்கமும் இடி: ஓடு மெலிந்து தோல்முட்டையாகிப் பிடிமானம் இல்லாமல் நழுவுகிறது, தள்ள வேண்டிய தசைக்கோ வலுவில்லை. இதோடு உடல் முதிரும் முன்பே இடத் தொடங்கிய விடைக்கோழி, கொழுப்பேறிய கோழி, இரட்டைக் கரு முட்டை, குழாயில் பழைய நோய்த்தொற்று, தண்ணீர் குறைவு, ஒதுங்கி இட இடமில்லாத நெருக்கடி என்று காரணங்கள் கூடுகின்றன.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள், வீட்டில் செய்யக்கூடிய உதவி ஏன் இவ்வளவு எளிமையானது என்றும் புரிந்துகொள்கிறார்கள். முட்டையைத் தள்ளவேண்டியது கோழியின் தசை. நம் வேலை அதற்குச் சூடும் நீரும் கால்சியமும் அமைதியும் கொடுப்பது.

கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பதால், நமக்கு இதமாகத் தெரியும் நீர் அதற்குச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கும். 38 முதல் 40 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரை ஒரு தொட்டியில், கோழி உட்கார்ந்தால் வயிறும் பின்பக்கமும் மூழ்கும் அளவுக்கு மட்டும் எடுத்து, 20 நிமிடம்போல உட்கார வைக்கலாம். முதலில் கால்களை உதைக்கும்; பிறகு பெரும்பாலான கோழிகள் கண்ணை மூடி அமைதியாகிவிடும், சில தூங்கியும் போகும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகக் கூடாது, தளர்ந்த கோழியின் தலை நீருக்குள் சரிந்துவிடும். வெளியே எடுத்ததும் இறகின் அடிவரை துடைத்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் கொடுத்த சூடெல்லாம் போய் நடுக்கம்தான் மிஞ்சும். பிடித்தாலே மூச்சு வாங்கும் கோழிக்கும் தொட்டியைக் கண்டு மிரளும் கோழிக்கும் குளியலே வேண்டாம் என்பது என் கருத்து. துணி விரித்த பெட்டி, அரை இருட்டு, ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், இவையே போதும். குளியலுக்கு இருக்கும் புகழில் பாதி உண்மையில் இந்தப் பெட்டிக்குச் சேர வேண்டியது.

கால்சியம் கொடுப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மனிதர்கள் உட்கொள்ளும் கால்சியம் சிட்ரேட் மாத்திரை நல்ல தேர்வு. மாத்திரையை உடைத்து நாக்கின் மேல் பின்பக்கமாக வைத்தால் கோழி தானே விழுங்கிக்கொள்ளும். எவ்வளவு என்பதைக் கோழியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. திரவ மருந்தை அலகைத் திறந்து ஊற்றுவது வேறு கதை. கோழியின் வாயைத் திறந்து பாருங்கள்: நாக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நடுவில், மூச்சுக்கு மூச்சு திறந்து மூடும் ஒரு சிறு பிளவு தெரியும். அது மூச்சுக்குழாயின் வாசல். ஊற்றிய மருந்து அதற்குள் இறங்கினால், முட்டையால் சாகாத கோழி மருந்தால் சாகும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அது விழுங்கியபின் அடுத்ததை வைப்பதுதான் முறை.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்சத்துவாரத்தின் விளிம்பில் நீர்ப்பசையோ வாசலினோ சிறிது தடவினால் வறண்ட தோல் கிழியாமல் இருக்கும். அந்த அளவில் அது உதவி. முட்டை இன்னும் ஓட்டுப்பையிலேயே இருக்கும்போது கிண்ணம் கிண்ணமாக எண்ணெய் ஊற்றுவது அங்கே போய்ச் சேராது. இறகில் பரவி, உடல் சூட்டைக் காக்கும் திறனை மட்டும் கெடுக்கும்.

வயிற்றைப் பிதுக்குவதும் உள்ளே முட்டையை உடைப்பதும்தான் என்னைக் கடிந்து பேச வைக்கும் இரண்டு காரியங்கள். பிதுக்கினால் முட்டையோடு குழாயும் புரண்டு வெளியே வந்துவிடும், அல்லது உள்ளேயே கிழியும். உடைந்தாலோ ஓட்டுத்துண்டின் விளிம்பு கத்திதான். அது கீறிய இடத்தில் முட்டையின் உள்ளிருப்பு கசிந்து தொற்று பிடிக்கும். மருத்துவமனையில் நாங்களும் சில முட்டைகளைச் சுருக்கி எடுக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே முட்டை துவாரத்தின் அருகில் கண்ணுக்குத் தெரியவேண்டும், கோழிக்கு வலி தெரியாமல் மருந்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், ஊசியால் உள்ளிருப்பை உறிஞ்சியபின் முட்டை ஓட்டினை மெல்ல மடித்து, துண்டு ஒன்றும் தங்காமல் எடுக்கவேண்டும். பிரசவ ஊசி என்று சிலர் கேட்டு வாங்கிப் போடும் ஆக்ஸிடோசினும் அப்படித்தான். வழி அடைபட்டிருக்கும்போது சுருக்கத்தை மட்டும் கூட்டினால் குழாய் வெடிக்கலாம். கால்சியம் ஏறியிருக்கிறதா, வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நினைக்கலாம்.

ஒரு முறை வயதான அம்மா ஒருவர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்தபடி காத்திருந்தார். "காலையிலேர்ந்து முக்குது சார், தடவிப் பார்த்தேன், முட்டை கைக்கு வரலை, அதான் ஒண்ணும் பண்ணாம தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார். விரலுக்கு எனக்கும் கடினமாக எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு மெத்தென்ற வீக்கம் மட்டும் இருந்தது. ஓடுள்ள முட்டை எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் துலங்கும். இந்தக் கோழியின் படத்திலோ மங்கலான நிழல்தான் இருந்தது. தோல்முட்டைதான் அது. ஊசி மூலம் கால்சியமும் தோலுக்கடியில் திரவமும் கொடுத்து, சூடான கூண்டில் வைத்தோம். மதியத்திற்குமேல் கசங்கிய தோல்பைபோல அது வெளியே வந்து விழுந்தது. கோழி உடனே திரும்பி அதைக் கொத்தித் தின்னப் பார்த்தது. அந்த அம்மா "ஒண்ணும் பண்ணாம" என்று வெட்கத்தோடு சொன்னதைத்தான் நான் பிறகு பலரிடம் பாராட்டிச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் யாராவது பிதுக்கியிருந்தால் அந்தப் பை உள்ளேயே கிழிந்திருக்கும்.

எவ்வளவு நேரம் வீட்டில் பார்க்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோழி விழிப்போடு இருந்து, தண்ணீர் குடித்து, நடமாடினால், சூடும் கால்சியமும் கொடுத்துச் சில மணி நேரம் பார்க்கலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எழ முடியாமல் கிடந்தால், இரத்தம் கண்டால், சிவந்த தசை வெளியே புரண்டு நின்றால், அந்தச் சில மணி நேரமும் கிடையாது. கோழிக்கு உதரவிதானம் இல்லை; வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைகளை முட்டை அழுத்தும்போது மூச்சே தடைபடும். எச்சமும் அதே வாசலில்தான் வர வேண்டும் என்பதால், ஓரிரண்டு நாள் அப்படியே விட்ட கோழிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெளியே புரண்ட தசையை ஈரமாக வைத்து, மற்றக் கோழிகள் கொத்தாதபடி தனியே பிரித்துக் கொண்டுவர வேண்டும். கொத்து விழுந்த பிறகு வரும் கோழிக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

முட்டை வந்துவிட்டால் எல்லோரும் நிம்மதியாகி விடுகிறார்கள், நான் ஆவதில்லை. முட்டை வெளியேறிய அரை மணி நேரத்திலேயே அடுத்த கரு விடுபடக்கூடும். களைத்துப்போன குழாய்க்கு மறுநாளே இன்னொரு சோதனை. அதனால் சில நாட்களுக்கு வெளிச்சத்தைக் குறைத்து இருட்டு நேரத்தைக் கூட்டச் சொல்கிறேன். பகல் சுருங்கினால் முட்டையிடுவதும் தளரும். பிறகு தீவனம். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவீதம் வரை கால்சியம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்படும் கோழி தானே எடுத்துக்கொள்ள, கிளிஞ்சல் துண்டுகளைத் தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தீவனம் என்று குஞ்சுகளுக்கும் விடலைகளுக்கும் அதையே போட்டால் சிறுநீரகம் கெடும். இதைச் சொல்லும்போது பலர் வியப்பது எனக்குப் பழகிவிட்டது. தீனியாக எறியும் மிச்சங்களைக் குறைக்கச் சொன்னால் மட்டும் முகம் வாடுகிறார்கள்.

சில கோழிகள் திரும்பத் திரும்ப வரும். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும் பறவை; இன்றைய கலப்பினக் கோழியை நாம் 300க்கு மேல் இட வைத்திருக்கிறோம். அந்தக் குழாய் சில கோழிகளில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கோழியை ஒவ்வொரு முறையும் காப்பாற்றித் திருப்பி அனுப்புவதைவிட, முட்டையிடுவதையே நிறுத்த ஹார்மோன் சிகிச்சை கிடைக்கிறதா, குழாயை நீக்கும் அறுவைச் சிகிச்சையை அதன் உடல் தாங்குமா, இரண்டும் இல்லையென்றால் வலியில்லாமல் அனுப்பிவைப்பதா என்பதை வளர்ப்பவரோடு உட்கார்ந்து பேசுகிறேன். அந்தப் பேச்சை முதல் அடைப்பின்போதே தொடங்கிவிடுவது நல்லது. மூன்றாவது முறை பெட்டியோடு ஓடிவரும்போது யாருக்கும் நிதானமாக யோசிக்க முடிவதில்லை.