கருப்பை வாய் மூடி: கைக்குப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது

கருத்தடை மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலி விடாமல் பிடித்துக்கொண்டது. ஹார்மோன் இல்லாமல், வேண்டும்போது மட்டும் பயன்படுத்துகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்போதுதான் செர்விக்கல் கேப் பற்றிச் சொன்னார். கருப்பை வாயின் மேல் கவிழ்த்து வைக்கிற சிறிய சிலிக்கான் மூடி அது.

நான் வாங்கிய வகையில் 22, 26, 30 மில்லிமீட்டர் என்று மூன்று அளவுகள். ஒருமுறைகூடக் கருத்தரிக்காதவர்களுக்குச் சிறியது, சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பெரியது. கருத்தரித்தும் சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கு நடுவில் உள்ளது. "இதுவரை கர்ப்பமாகியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். குழந்தை இல்லை என்றேன். "கலைந்து போயிருந்தாலும் கணக்குதாம்மா" என்றார். பத்தாவது வாரத்தில் கலைந்ததை அதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன். 26 என்று எழுதினார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தவறான அளவோடு வீட்டுக்குப் போயிருப்பேன். இந்தக் கேள்விக்கு மட்டும் எதையும் மறைக்காதீர்கள்.

இன்னொன்றையும் அவர் மறைக்காமல் சொன்னார். பிரசவம் ஆகாத பெண்கள் 100 பேர் ஓராண்டு பயன்படுத்தினால் சுமார் 14 பேர் கருத்தரிக்கலாம். பிரசவம் ஆனவர்களில் அது சுமார் 29. பால்வினை நோய்களையும் இது தடுக்காது. எப்படியும் கருத்தரிக்கவே கூடாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

வைக்கப் பழகுவதுதான் பெரிய வேலை. அதைவிட, என் கருப்பை வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கையைக் கழுவிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, விரலை உள்ளே விட்டுத் தேடினேன். மூக்கு நுனியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி, வழுவழுப்பாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. இத்தனை வருடம் என் உடம்புக்குள்ளேயே இருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொட்டேன். அந்த நிமிடம் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் மூடி. குழிவுக்குள் கால் டீஸ்பூன் விந்தணுக்கொல்லி ஜெல், விளிம்பில் கொஞ்சம், வெளிப்பக்கப் பள்ளத்தில் அரை டீஸ்பூன். மடித்து, நீளமான விளிம்பு முதலில் போகும்படி நுழைத்து, மேலே தள்ளி அழுத்த வேண்டும். ஜெல் பட்டதும் வழுக்கிக்கொண்டு கையை விட்டு ஓடும். முதல் வாரம் முழுக்க அப்படித்தான். எடுக்கும்போது, மூடியோடு சேர்ந்திருக்கும் வாரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மூடியைக் கொஞ்சம் திருப்பினால் பிடிப்பு விடும், பிறகு வாரில் விரலை மாட்டி மெதுவாக இழுத்தால் வந்துவிடும். மூன்று வாரம் வெறும் ஒத்திகைதான். அதுவரை ஆணுறையும் சேர்த்தே.

உறவு முடிந்து குறைந்தது 6 மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். மொத்தத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாதவிடாய் நாட்களில் வேண்டவே வேண்டாம், நச்சு அதிர்ச்சி என்கிற ஆபத்தான தொற்று வரலாம். கழுவ மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

நாலாவது மாதம் ஒருநாள், உறவுக்குப் பிறகு தொட்டுப் பார்த்தால் மூடி ஒரு பக்கமாக விலகியிருந்தது. நெஞ்சு படபடத்தது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரகால மாத்திரையை அன்றே போட்டேன். மாதவிடாய் நான்கு நாள் தள்ளி வந்தது. அந்த நான்கு நாளும் தூக்கமில்லை. அதற்கப்புறம் உறவுக்கு முன்னால் மூடி கருப்பை வாயை முழுதாக மறைத்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் இருப்பதில்லை. கரு தங்க வாய்ப்புள்ள நாட்களில் ஆணுறையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது என் கணவர்தான். சரி என்றேன்.