க்ரூஸ் கல்வீடு: இதுவரை ஆறு சதுர மீட்டர்

பாரிஸிலிருந்து காரில் நாலு மணி நேரம், க்ரூஸ் மாவட்டத்தில் நண்பன் வாங்கிப்போட்ட பழைய பண்ணை வீடு. லீவு கிடைக்கும்போதெல்லாம் போய் அதன் தெற்குச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று தவணை போயாயிற்று, முடிந்தது ஆறு சதுர மீட்டர்தான்.

சுவர் 60 சென்டிமீட்டர் கனம். உள்ளேயும் வெளியேயும் கிரானைட் கல், நடுவில் சிறுகல்லும் மண்ணும். யாரோ ஒரு புண்ணியவான் கல் இடுக்கையெல்லாம் சிமெண்டால் அடைத்துவைத்திருக்கிறார். உள்ளே போகும் ஈரம் வெளியே வர வழியில்லாமல், வீட்டுக்குள் பூச்சு உப்பி உதிர்கிறது. அதனால் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு சுண்ணாம்புச் சாந்து வைக்கிற வேலை.

பெயர்ப்பதுதான் உயிரை வாங்குகிறது. சுத்தியலும் உளியுமாக மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தினால் ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டர் தாண்டாது. சிமெண்ட் விழுந்த இடத்தில் செம்மண் எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் கட்டினவர்களுக்கு அந்த மண்ணே சாந்து.

முதல் தவணை சொதப்பல். ஒரு வாளி சுண்ணாம்பு, மூன்று வாளி மணல் சரிதான், ஆனால் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டேன், அதுவும் ஆகஸ்ட் வெயில் நேராக அடிக்கிற மத்தியானத்தில். மறுநாள் பக்கத்துப் பண்ணைப் பெரியவர் வந்து கார் சாவியால் லேசாகக் கீறிப் பார்த்தார், பொலபொலவென்று கொட்டியது. ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். முழுவதையும் சுரண்டி எடுத்தேன்.

அப்புறம் முறையை மாற்றினேன். முந்தின சாயங்காலமே சுவரை நனைத்துவிடுவது. சாந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஒட்டக் கூடாது. ஒல்லிக் கரண்டியால் அழுத்தித் திணித்து, அகலமான இடுக்கில் சில்லுக்கல் செருகி, கட்டைவிரல் பதியாமல் நகம் மட்டும் கீறுகிற பதம் வரும்வரை காத்திருந்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால், மணல் நிறம் தானாக மேலே வருகிறது. மூன்று நாள் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், எனக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது.

வீடும் மாட்டுத்தொழுவமும் ஒரே கூரை. மேலே வைக்கோல் பரண், குளிர் இறங்காமல் அதுவே தடுத்திருக்கிறது. தீவனத் தொட்டிக்கு மேல் மாடு கட்டின இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. ஜன்னல்கள் கைக்குட்டை அளவு. பிரான்சில் 1798 முதல் 1926 வரை கதவு, ஜன்னலுக்கு வரி உண்டு, ஆனால் இங்கே அடிக்கிற வாடைக்காற்றைப் பார்த்தால் வரி இல்லாவிட்டாலும் பெரிதாக வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த மாவட்டத்து ஆண்கள் வசந்தத்தில் கிளம்பி பாரிஸில் கொத்து வேலை பார்த்துவிட்டு குளிர்காலத்துக்குத் திரும்புவார்களாம், வயலும் மாடும் பெண்கள் கையில். பின்னாளில் நாடாளுமன்றம் போன மார்த்தேன் நதோகூட 1830இல் 14 வயதில் அப்பாவோடு அப்படிப் போனவர்தான். கொத்து வேலை படிக்க பாரிஸிலிருந்து இங்கே வருகிற ஆள் அநேகமாக நான் ஒருத்தன்தான்.

ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு சரியாக இறுகாது, அதனால் அக்டோபரோடு கடையைக் கட்ட வேண்டும். வடக்குச் சுவரை இன்னும் தொடவே இல்லை.