பூட்டினேன் என்று நம்பினேன்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் கிளம்பினோம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் மனைவி கேட்டாள்: "வீட்டைப் பூட்டினீங்களா?"

"பூட்டினேனே."

"தெரியுமா, இல்ல நினைப்பா?"

தெரியும் என்றேன். வாடிப்பட்டி தாண்டும்போது எதிர்வீட்டு அக்காவிடமிருந்து போன். "தம்பி, பூட்டு நாதாங்கியில சும்மா தொங்குதுப்பா."

எம்.எஸ்ஸி. கணிதத்தில் தருக்கம் ஒரு பாடமாக இருந்தது. அந்தப் புத்தி சும்மா இருக்கவில்லை. பஸ்ஸிலேயே டிக்கெட்டின் பின்னால் கிறுக்க ஆரம்பித்தேன். பின்லாந்துத் தத்துவவாதி யாக்கோ ஹின்டிக்கா 1962இல் ஒரு புத்தகம் எழுதி, 'தெரியும்', 'நம்புகிறேன்' இரண்டையும் குறியீடுகளாக்கி, அவற்றுக்கு விதிகள் வகுத்தார். அந்தத் துறையில் அடிபடும் விதிகளில் நாலை எடுத்துக்கொண்டேன். தெரிந்ததை நம்புகிறோம். ஒன்றையும் அதன் மறுப்பையும் சேர்த்து நம்புவதில்லை. உறுதியாக நம்பினால், அது நமக்குத் தெரியும் என்றே நம்புகிறோம். ஒன்று தெரியாவிட்டால், தெரியாது என்பதாவது தெரியும். தனித்தனியாகக் கேட்டால் நாலுக்கும் தலையாட்டத் தோன்றும்.

சரி, என் கதைக்கு வருவோம். பூட்டியதாக உறுதியாக நம்பினேன். மூன்றாம் விதிப்படி, அது எனக்குத் தெரியும் என்றும் நம்பினேன். உண்மையில் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் விதிப்படி, தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் அதை நம்பவும் செய்வேன். ஆக, தெரியும் என்றும் நம்புகிறேன், தெரியாது என்றும் நம்புகிறேன். இரண்டாம் விதி இதை விடாது. எனவே எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தது பொய்யாகாது. அப்படியென்றால் வீடு பூட்டியிருந்தது!

அக்காவிடம் இதைச் சொல்ல முடியுமா?

குற்றவாளி நாலாம் விதி என்பதுதான் என் கட்சி. ஹின்டிக்காவே அதை ஏற்கவில்லை. தப்பாக நம்புகிறவனுக்குத் தன் அறியாமை எப்படித் தெரியும்? 2006இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் ஸ்டால்நேக்கர் அந்த விதியைக் கழற்றிவிட்டார். மிச்ச விதிகளிலிருந்து அவருக்குக் கிடைத்த கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தனக்குத் தெரியாது என்பது தெரியாமல் இருப்பதுதான் நம்பிக்கை. வாடிப்பட்டி வரைக்கும் என் நிலைமை அச்சு அசலாக அதுதான்.

தமிழில் இன்னொரு வேடிக்கை. 'நான் நம்புகிறேன்' என்கிறோம், ஆனால் 'எனக்குத் தெரியும்' என்கிறோம். நம்புவது நான் செய்கிற வேலை; தெரிவது, பசி மாதிரி, எனக்கு நேர்வது.

இப்போதெல்லாம் பூட்டியதும் போனில் படம் எடுத்து வைக்கிறோம். நேற்று ஆட்டோவில் போகும்போது மனைவி மறுபடியும் அதையே கேட்டாள். படத்தைக் காட்டி, "ஆதாரத்தோட தெரியும்" என்றேன். தேதியைப் பார்த்துவிட்டு, "இது போன வாரம் எடுத்ததுங்க" என்றாள். ஆதாரமும் இருந்து, உண்மையுமான நம்பிக்கைகூட அறிவாகாமல் போகலாம் என்று இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கத்தில் காட்டியிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், வீடு ஒழுங்காகப் பூட்டித்தான் இருந்தது.