பெரிய கெளுத்தி: கல்லும் சாம்பலும்

ஒகேனக்கல்லில் பெரிய கெளுத்தி வாங்கிப் போகிறவர்கள் சிலர், குழம்பில் சேற்று வாடை அடிக்கிறது என்று மசாலாவைக் கூட்டுகிறார்கள். குறை மசாலாவில் இல்லை. மீன் கரைக்கு வந்த அரை மணி நேரத்திலும் அதைக் கழுவும் கல்லிலும்தான் ருசி முடிவாகிறது.

கெளுத்தி இரவில், அடித்தரையில் மீசையால் துழாவி மேயும். அதனால் பொழுது சாயும்போது தூண்டில் போட்டு, இரை தரையில் படியவிடுவோம். இரைக்கு மண்புழு, கோழிக்குடல். இன்னொரு ஆற்று மீனான வாளைக்கு உயிர்க் கெண்டை வேண்டும். வாளையின் பல் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டுவது கட்டாயம். விடிவதற்குள் தூண்டிலை எடுத்துவிட வேண்டும். கோடைத் தண்ணீரில் செத்துக் கிடந்த மீன் சீக்கிரம் கொழகொழத்துப் போகும்.

கெளுத்தியின் முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்கள். பயந்தால் அவை விறைத்து நிற்கும், மடக்க முடியாது. பக்க முள்ளின் உள்விளிம்பு அரம் மாதிரி. வலையில் சிக்கினால் இழுக்காதீர்கள். குறடால் முள்ளை ஒடித்துவிட்டு எடுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தோல் வேகாத அளவு, பொறுக்கும் சூட்டு வெந்நீரில் அரை மணி நேரமாவது வைத்தால் கடுப்பு அடங்கும். முனை உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரிதான்.

தலையில் ஒரே அடி. உடனே செவுளை அறுத்து, பத்து நிமிடம் தண்ணீரில் ரத்தம் வடியவிட்டால் சதை வெளுப்பாக இருக்கும். இதை விட்டுவிட்டால் பின்னால் எத்தனை முறை கழுவினாலும் சதை சிவப்புதான்.

அடுத்தது வழும்பு, அதாவது தோல்மேல் உள்ள வழுவழுப்பு. அடுப்புச் சாம்பலோடு கல்லுப்பும் சேர்த்து, சொரசொரப்பான கல்லில் தலையிலிருந்து வால் பக்கமாகத் தேயுங்கள். மூன்று கிலோ மீனுக்கு மூன்று தடவை. விரலால் அழுத்தி இழுத்தால் தோல் 'கிரீச்' என்று பிடிக்க வேண்டும். வழுக்கினால் இன்னொரு தடவை. கொதிநீர் ஊற்றினால் வேலை சுலபம் என்று தோன்றும், ஆனால் தோல் வெந்து பிய்ந்து, வெட்டும்போது துண்டு சிதையும்.

வயிற்றைக் கீறும்போது கத்தி முனை மேல்நோக்கி இருக்கட்டும். ஈரலை ஒட்டிய பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் அந்த இடமே கசக்கும். கழுவிப் பயனில்லை, வெட்டி எறிந்துவிட வேண்டும். நடுமுள்ளோரம் உறைந்திருக்கும் கறுத்த ரத்தத்தை நகத்தால் சுரண்டுங்கள். வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். சேற்று வாடைக்குக் காரணமான ஜியோஸ்மின் கொழுப்பில்தான் தங்கும். புளிப்பு அதைச் சிதைக்கும். ஆகவே துண்டுகளைக் கரைத்த புளியில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுகிறோம். தருமபுரிக்காரர்களுக்குப் புளிக்கா பஞ்சம்!

துண்டு ஒரு அங்குலக் கனம் இருக்கட்டும். குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு, பிளந்த தலையை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மற்ற துண்டுகள். அதற்குப் பிறகு கரண்டி வேண்டாம். சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றினால் போதும். இறக்கி ஒரு மணி நேரம் மூடிவைத்தால் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ளச் சாறு சரியாக இறங்கியிருக்கும்.