சீவாத மரத்தில் பால் ஒழுகினால்

மாணவர்கள் எடுக்கும் திகில் குறும்படங்களில் முதல் இரண்டு நிமிடம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். கும்மிருட்டு, ஓடும் கால்கள், காதைக் கிழிக்கும் இசை, கடைசியில் ஓர் அலறல். பார்ப்பவர் திடுக்கிடுவார்; மனம் பதறாது. ஓடுவது யார், எதற்கு ஆபத்து என்று தெரியாதவருக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்? 1962இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது, திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதை மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டை வைத்து விளக்கினார். குண்டு இருப்பது முன்பே தெரிந்தால் வெறும் அரட்டைகூட 15 நிமிடம் உயிரை வாங்கும். தெரியாவிட்டால் மிஞ்சுவது 15 வினாடி அதிர்ச்சி.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் குண்டுக்கு அலைய வேண்டாம். பால்மரக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம் போதும். கதை இவ்வளவுதான்: விடியாத நேரத்தில் ஓர் அக்கா பால் எடுக்கத் தனியாக மரம் சீவுகிறார். முதல் மரம், இரண்டாம் மரம். மூன்றாவது மரத்துக்குப் போனால், அதில் ஏற்கெனவே பால் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

இது பயமுறுத்த வேண்டுமானால், பார்ப்பவருக்கு முதலில் தொழில் புரிய வேண்டும். இன்று சுற்றிலும் பெரும்பாலும் செம்பனைதான். தோட்டத்துப் பிள்ளைகளிலேயே பலர் மரம் சீவும் உளியைக் கையில் பிடித்ததில்லை. அதனால் முதல் மரத்துக்கு முழுசாக 25 வினாடி கொடுங்கள். பழைய வெட்டில் உறைந்த கோட்டுப்பாலை உரிப்பது, உளி பட்டையில் ஓடுவது, பால் கோட்டில் இறங்கி மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டுவது எல்லாம் தெரியட்டும். இரண்டாம் மரத்துக்கு 12 வினாடி போதும். வெட்டியவுடன் பால் வரும், சில மணி நேரத்தில் நின்றுவிடும் என்பது மனத்தில் பதிந்துவிட்டால், மூன்றாம் மரத்தில் வசனமே தேவையில்லை. யாரோ சற்று முன்புதான் இங்கே நின்றிருக்கிறார் என்று பார்ப்பவரே கண்டுபிடித்துவிடுவார்.

உளியை மாணவர்கள் தொடவே கூடாது. ஆழம் தப்பினால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மரம் சீவிப் பழகிய ஒருவரின் கையை மட்டும் நெருக்கத்தில் எடுங்கள். மரத்தைப் பார்த்து நின்றால் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும். எடிட்டில் படத்தை இடவலம் திருப்பினால் தொழில் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டிய மூன்றாம் மரத்துக்கு, பழைய கோட்டின் மேல் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை விடலாம். கெட்டிப்பால் வேண்டாம், எறும்பு மொய்த்துவிடும். வெறும் பால் தண்ணீர்போல் ஓடிவிடும்.

வெளிச்சத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது. அதனால் சூரியன் எழ ஏறக்குறைய 7 மணி ஆகிவிடும். அதற்கு முந்திய 20 நிமிட நீல வெளிச்சம்தான் உங்கள் மூலதனம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது சட்டென்று முடிந்துவிடும். ஒத்திகையை முந்தின நாளே முடித்துவிட்டு, அகலமான ஷாட்டுகளை மட்டும் அந்த நேரத்தில் எடுங்கள். நெருக்கமான ஷாட்டுகளை முழு இருட்டிலேயே தலைவிளக்கு வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளலாம். மலிவான தலைவிளக்கை மங்கலாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். முழு வெளிச்சத்தில் வைத்து, முன்னால் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். தொழிலாளர் லயத்து வீட்டுக் குழல்விளக்கும் இப்படிப் பட்டை போடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டால் போய்விடும்.

காட்டின் பெரிய பலம் நிரை, அதாவது மரங்கள் நட்ட நேர்வரிசை. நிரைக்கு நேராக நின்றால் முடிவே இல்லாத நடைபாதை. ஓரடி விலகினால் மரங்கள் சுவர்போல் மூடிக்கொள்ளும். கைப்பேசியை நெஞ்சுயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக நடந்தால், இடைவெளிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். அதில் ஏதாவது ஓர் இடைவெளியில் இன்னொரு விளக்கு ஒரு வினாடிக்கும் குறைவாகத் தெரியட்டும். ஒரே ஒரு முறைதான். இரண்டாம் முறை காட்டினால் அது வெறும் ஆள் நடமாட்டம் ஆகிவிடும்.

இனி ஒலி. பாதிக் குறும்படங்கள் சாவது இங்கேதான். ஒவ்வொரு ஷாட்டின் சில்வண்டும் வேறு வேறு அளவில் இருப்பதால் ஷாட் மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒலி குதிக்கும். எல்லாரும் பேசாமல் நின்று இரண்டு நிமிடம் காட்டின் ஒலியை மட்டும் தனியாகப் பதிந்து, எல்லா ஷாட்டுக்கும் அடியில் விரியுங்கள். பள்ளிவாசலில் சுபுஹ் எனும் விடியல் தொழுகைக்கான பாங்கு தொடங்கிவிட்டால் பதிவை நிறுத்திக் காத்திருங்கள். பாங்கொலி கலந்த பதிவைத் துண்டு துண்டாக வெட்டினால் நேரம் முன்னும் பின்னும் தாவும்.

காய்ந்த ரப்பர்க் காய் வெடிக்கும் 'டப்' சத்தத்தைத் தோட்டத்தில் வளர்ந்தவர் யாரும் மறக்கமாட்டார். அதை முதல் மரத்தின்போது ஒருமுறை வையுங்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. இது வழக்கமான சத்தம் என்று அவர் சொல்லாமலே புரியும். மூன்றாம் மரத்தில் அதே 'டப்', கொஞ்சம் பக்கத்தில். இப்போது அவர் கை நிற்கிறது. பத்து வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு சில்வண்டின் ஒலியை மெல்ல மெல்லத் தாழ்த்துங்கள், ஆனால் சுழியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முழு மௌனம் என்றால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டதோ என்றுதான் தோன்றும்.

பின்னணி இசை இதுவரை எங்கும் வரவில்லை, வரவும் வேண்டாம். கடைசி ஷாட்டில் அக்காவின் முகத்தைக் காட்டாதீர்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள். தலைவிளக்கின் ஒளி நான்காவது மரத்துக்கு நகர்கிறது, அதிலும் வெள்ளைக் கோடு. ஐந்தாவதிலும். ஆறாவது மரத்தில் பட்டை காய்ந்து கிடக்கிறது, இன்னும் வெட்டப்படவில்லை. அங்கேயே ஆறு வினாடி நிறுத்தி, மங்கில் ஒரு சொட்டு விழும் ஒலியில் படத்தின் பெயரைப் போடுங்கள்.