ப்ரோங்கோஸ் பைனல்ஸ் நாட்குறிப்பு, 2025

செப்டம்பர் 8, திங்கள்

ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.-இல் 27 சுற்றும் முடிந்து பட்டியல் உறுதியாகிவிட்டது. ரெய்டர்ஸ் 44, ஸ்டார்ம் 40, புல்டாக்ஸ் 38, நம் பிரிஸ்பேன் ப்ரோங்கோஸ் 36. ஐந்தாவதாக இருக்கும் ஷார்க்ஸுக்கும் 36தான். புள்ளி வித்தியாசத்தில்தான் நாம் மேலே நிற்கிறோம். அதனால்தான், ஜெயித்தது உறுதியான மேட்ச்சிலும் கடைசி பத்து நிமிஷத்தை வீணாக்கக் கூடாது என்று கத்துகிறோம்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இருப்பது ஒரு படி இல்லை, ஒரு உயிர். பைனல்ஸுக்கு முதல் எட்டு அணி. முதல் வாரம் 1-4, 2-3 மோதும். தோற்றாலும் அடுத்த வாரம் உண்டு. ஜெயித்தால் ஒரு வாரம் ஓய்வு, அதோடு அரையிறுதி சொந்த ஊரில். 5-8, 6-7 ஆட்டங்களில் தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1995-இல் புல்டாக்ஸ் ஆறாம் இடத்திலிருந்து கோப்பை தூக்கியது. என்.ஆர்.எல். தொடங்கிய 1998-க்குப் பிறகு முதல் நாலுக்கு வெளியிலிருந்து ஒருவரும் தூக்கவில்லை. 2017-இல் கவ்பாய்ஸ் எட்டாம் இடத்திலிருந்து இறுதி வரை போனது. அங்கே ஸ்டார்மிடம் 34–6.

கடைசிச் சுற்றில் ஸ்டார்மை நம் மைதானத்தில் 30–14 என்று அடித்தது தெம்பு. ஆனால் சீசன் கடைசியில், ஆட்டத்தை நடத்தும் நம் ஹாஃப்கள் ரெனால்ட்ஸ், மாம் இருவருக்குமே தொடைத் தசையில் காயம் வந்தது. ஆட்டத்தை ஓட்டும் பாரம் இப்போது பென் ஹன்ட் தலையில்.

செப்டம்பர் 11, வியாழன்

கான்பெர்ரா ரெய்டர்ஸுடனான ஆட்டத்துக்கு முன் நம் இடப் பக்கத் தாக்குதலைப் பற்றி விரிவாக. அதன் மையம், எல்லோருக்கும் பின்னால் நிற்கும் நம் ஃபுல்பேக் ரீஸ் வால்ஷ். "பந்தை வால்ஷிடம் கொடு, அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார்கள். எப்போது, எங்கே கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ரக் (பிடிபட்டு விழுந்தவர் பந்தை மீண்டும் ஆட்டத்துக்கு விடும் இடம்) மைதானத்தின் வலப் பாதியில் இருக்கட்டும். ரக்குக்குப் பின்னால் நின்று பந்தை எடுக்கும் டம்மி ஹாஃபிடமிருந்து பந்து ஹாஃபுக்கு வருகிறது. ஹாஃபுக்கு வெளியே இருக்கும் இரண்டாம் வரிசை வீரர், எதிரணியை வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக நிற்பவரைக் குறிவைத்து உள்ளே சாய்ந்து ஓடுகிறார். ஓரத்தில் நிற்கும் விங்கர் ஒன்று, அவருக்கு உள்ளே சென்டர் இரண்டு, மூன்றாவது பெரும்பாலும் அவர்களுடைய ஹாஃப். வரிசையிலேயே ஒல்லியான ஆள். அந்த மூன்றாமவர் அரை நொடி கால் ஊன்றி நின்றால் போதும். வால்ஷ் ரக்குக்குப் பின்னாலிருந்து கிளம்பி, ஓடும் வீரரின் முதுகுக்குப் பின்னால் வளைந்து வெளியே வந்து முழு வேகத்தில் பந்தைப் பிடிக்கிறார். அவருக்கு வெளியே நம் சென்டர், விங்கர். எதிரே இரண்டே பேர். அவர்கள் சென்டர் உள்ளே பாய்ந்தால் அவரைத் தாண்டி விங்கருக்கு நீளப் பாஸ். பாயாமல் வெளியே சறுக்கினால் வால்ஷ் தானே உள்ளே வெட்டுவார்.

இது கெடும்போது குற்றம் பெரும்பாலும் ஹாஃபுடையது. அவர் நேராகக் கோட்டை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் தடுப்பு வரிசை முழுவதும் கூடவே நகரும். கோட்டோரம் எதிரணிக்கு இன்னொரு ஆளாகிவிடும். வால்ஷ் சீக்கிரம் கிளம்பிவிட்டாலும் வம்பு: ஆழம் போய், நின்றபடி பந்து வாங்குவார், அப்போது அவர் யாரோ ஒரு ஃபுல்பேக். அடுத்தது பங்கர், அதாவது வீடியோ நடுவர் அறை. முன்னால் ஓடுபவர் தடுப்பு வரிசைக்குள் நின்றுவிடக் கூடாது, கடந்து போக வேண்டும். பின்னால் வருபவர் அவருடைய உள்தோள் பக்கம் பந்தைப் பிடித்தால் மறிப்பு என்று ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி எடுக்கும் புள்ளி) ரத்து. இந்த சீசனில் யார் ரசிகரைக் கேட்டாலும் இதைப் பற்றி ஒரு புலம்பல் கிடைக்கும்.

நான் பார்க்க விரும்புவது, பந்து கையில் இருக்கும் அணிக்குக் கிடைக்கும் ஆறு டேக்கிளில் மூன்றாவது, நான்காவதில் இதைப் போடுவது. நம் முன்கள வீரர்கள் ஹாஸும் காரிகனும் நடுவில் இரண்டு ஓட்டம் ஓடி, விழுந்தவுடன் எழுந்து பந்தைக் காலால் தள்ளிவிட்டால், பத்து மீட்டர் பின்வாங்கும் எதிரணி இன்னும் திரும்பிக்கொண்டிருக்கும். நடு ஓட்டம் இல்லாமல் முதல் டேக்கிளிலேயே அகலம் தேடினால் அது பக்கவாட்டில் நடக்கும் உலாதான்.

செப்டம்பர் 15, திங்கள்

ரெய்டர்ஸை 29–28 வென்றோம். கோல்டன் பாயிண்டில் (சமநிலைக்குப் பின், முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் கூடுதல் நேரம்) ஹன்டின் ஃபீல்டு கோல் (ஆட்டம் நடக்கும்போதே கம்பங்களுக்கு நடுவே உதைப்பது).

28–12 என்று பின்தங்கிய வரை என்ன நடந்தது? மேலே சொன்ன அதே உலா. திரும்பி வந்தது எப்படி என்பதற்கு மந்திரம் எதுவும் இல்லை. ஒரு அணிக்கு எட்டு ஆள்மாற்றம்தான். ஒரு மணி நேரம் கழிந்தபின் நடுவில் இருப்பவர்கள் களைத்து, மார்க்கர்கள் (ரக்குக்கு நேர் எதிரே நிற்கும் இரு தடுப்பாளர்கள்) நேராக நிற்க மாட்டார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் உதவிக்காக உள்ளே நெருங்குவார்கள். வெளியே இடம் திறக்கும். நம் ஆட்டம் கடைசி இருபது நிமிஷத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. முதல் இருபதில் உயிரோடு இருக்க ஒரு திட்டம் வேண்டும்.

ஃபீல்டு கோல் பற்றி ஒரு குறிப்பு. நான்காவது டேக்கிள் கம்பங்களுக்கு நேரே முடிய வேண்டும், பாஸ் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும், உதைப்பவர் மார்க்கர் பாய்ந்தாலும் எட்டாத ஆழத்தில் நிற்க வேண்டும். 40 மீட்டருக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி, ஆனால் கோல்டன் பாயிண்டில் ஒன்றே போதும். ஆகவே இன்னொரு ஓட்டம் ஓடி நெருங்குவதுதான் புத்தி.

செப்டம்பர் 22, திங்கள்

நாம் ஓய்வில். ரெய்டர்ஸ் சொந்த மண்ணில் ஷார்க்ஸிடம் 32–12 தோற்று வெளியே. முதலிடம் பிடித்தும் இரண்டு ஆட்டத்தில் கதை முடிந்தது. பாவம்தான். பேந்தர்ஸ் புல்டாக்ஸை 46–26 அடித்து வருகிறது. ஏழாம் இடம் என்பதை மறந்துவிட வேண்டும். 2021 முதல் 2024 வரை நாலு கோப்பையும் அவர்களுடையது. 2023 இறுதியில் நாம் 24–8 முன்னிலையில் இருந்து 26–24 தோற்றதும் இவர்களிடம்தான்.

அவர்களுடைய ஹாஃப் கிளியரியின் உதை மூலைக்கு வரும், உயரமாக, துரத்துபவர்கள் சேரும் நேரத்துக்கு விழும். நம் விங்கர் பத்து மீட்டருக்குள் மாட்டினால் அடுத்த ஐந்து டேக்கிளும் நம் கோட்டிலிருந்து வெளியே வரவே செலவாகும். ஆகவே முதல் இரண்டு ஓட்டம் விங்கர்களுக்கு, மூன்றாவது ஹாஸுக்கு, பிறகு உதை. அழகு பார்க்கக் கூடாது.

எதிரணியின் கடைசி இருபது மீட்டருக்குள் நாம் இருக்கும்போது ஐந்தாவது டேக்கிள் தனிக் கவலை. தரையோடு உருட்டும் கிரப்பர் உதை இன்கோலில் (ட்ரை கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவே) நின்று அவர்கள் அங்கே மாட்டினால் பந்து திரும்ப நமக்கு. ஒரு மீட்டர் கூடிப் பின்கோட்டைத் தாண்டினால் அவர்களுக்கு 20 மீட்டரிலிருந்து ஏழு டேக்கிள். அதைவிட, மைதான நடுவில் அவர்கள் விங்கர்கள் இருவரும் உதையை எதிர்பார்த்துப் பின்னால் போனபின், உதைக்காமல் ஓடிப் பார்க்கலாம். பதிமூன்று பேரில் இரண்டு மார்க்கர், ஒரு ஃபுல்பேக், இரண்டு விங்கர் கழிந்தால் முன்வரிசையில் எட்டே பேர். ஒரு ஆட்டத்தில் ஒரு தரம் செய்தால் போதும், பிறகு விங்கர் பின்னே போகத் தயங்குவார்.

செப்டம்பர் 29, திங்கள்

பேந்தர்ஸுடன் அரையிறுதி. இடைவேளையில் 0–14. முடிவில் நாம் 16–14. மறுபடி முதல் பாதி உலா, மறுபடி இரண்டாம் பாதியில் நேர் ஓட்டம். நம் சொந்த மைதானமான சன்கார்பின் சத்தம் உதவியது என்பார்கள். உதவியிருக்கும். ப்ளே-த-பால் (விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் தள்ளுவது) வேகம் அதைவிட உதவியது.

அக்டோபர் 3, வெள்ளி

இறுதியில் எதிரே ஸ்டார்ம். அவர்கள் வேறு மாதிரி. ஹாரி கிராண்ட் டம்மி ஹாஃபில் நின்று, நம் மார்க்கர் ஒரு அடி சோம்பினாலும் தானே ஓடுவார். களைத்தவர்களைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. ஆகவே "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் வழக்கம் இங்கே இரு பக்கமும் வெட்டும். கடைசிச் சுற்று 30–14-ஐ வைத்து யாராவது ஜாதகம் கணித்தால் நம்ப வேண்டாம்.

கணிப்பு கேட்டால்: நமக்கு முதல் பாதியில் பத்துப் புள்ளிக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. விழாவிட்டால் நாம்தான்.

அக்டோபர் 6, திங்கள்

இறுதியில் ஸ்டார்மை 26–22 வென்றோம். இடைவேளையில் 12–22, சரியாகப் பத்து. இரண்டாம் பாதியில் ஸ்டார்முக்கு ஒரு புள்ளிகூட இல்லை. 2006-க்குப் பிறகு முதல் கோப்பை. அதே நாளில் நம் பெண்கள் அணியும் ரூஸ்டர்ஸை 22–18 வென்றது. ஒரே மைதானம், ஒரே கிளப், இரண்டு கோப்பை.

இறுதியின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் வால்ஷுக்கு. அவருடைய ட்ரையைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நான் இரண்டாம் பாதியை மட்டும் ஓடவிட்டு, ஹாஸ் விழுந்து எழுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார், ஸ்டார்மின் மூன்றாமவர் எந்தக் கட்டத்தில் உள்ளே நெருங்கத் தொடங்குகிறார் என்று பார்க்கிறேன். அடுத்த மார்ச்சுக்குள் மற்ற 16 கிளப்பின் பயிற்சியாளர்களும் இதையே பார்த்திருப்பார்கள். முதல் பாதியை நம் பயிற்சியாளர் மகுவயர் சரிசெய்யாவிட்டால் மூன்று தரம் கிடைத்த அதிர்ஷ்டம் நாலாவது தரம் கிடைக்காது.