பச்சைத் துண்டும் சாம்பிராணியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவ அரசுத் தேர்வின் தமிழ்மொழிப் பாடத்துக்குப் பயிற்சித்தாள் அச்சடிக்க ஒரு சின்ன லேசர் பிரிண்டர் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை மட்டும்தான். மூன்று ஆண்டுகளாக அது ஒரு வம்பும் செய்ததில்லை. போன வாரம் வியாழக்கிழமை இரவு, 11 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6 பக்கம் ஓட விட்டேன். நான்காவது பக்கத்தோடு நின்றுவிட்டது. திரையில் ‘டிரம்’ என்ற சொல், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி.

எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன். அதே ஆச்சரியக்குறி. டோனர் தீர்ந்திருக்கும் என்று நினைத்து, அலமாரியில் வைத்திருந்த புது டோனரைப் பிரித்து மாட்டினேன். அதற்கும் மசியவில்லை. டோனரும் டிரம்மும் வேறு வேறு என்பதே அப்போதுதான் மண்டையில் ஏறியது. டோனர் என்பது பொடி அடைத்த பெட்டி. டிரம் என்பது அந்தப் பெட்டி உட்காரும் கூடு. அதில்தான் அச்சு விழும் உருளை இருக்கிறது. பிரித்த டோனர் பிரித்ததுதான், திரும்ப மூட முடியாது.

டவுனில் ஒரு கடைக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “டிரம் போயிடுச்சு, மாத்தணும். 280 வெள்ளி. ஈப்போவிலிருந்து வர 3 நாள்” என்று பதில் வந்தது. இயந்திரத்தைப் பார்க்காமலேயே சொன்ன தீர்ப்பு! எனக்கு மனம் ஒப்பவில்லை. திரையில் பாகங்களின் ஆயுளைக் காட்டும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். டிரம்முக்கு இன்னும் 71 விழுக்காடு மீதி இருந்தது. அப்படியானால் எது போயிற்று?

அம்மா பக்கத்தில் வந்து நின்று, “அதுல இன்னும் ஏதோ எழுத்து ஓடுதே, முழுசாப் படிச்சியா?” என்றார். படிக்கவில்லை. ஒரே வரித் திரை. செய்தி மெதுவாக ஊர்ந்து போகிறது. நான் முதல் சொல்லைப் பார்த்ததுமே பதறிவிட்டேன். பொறுமையாக நின்று பார்த்தால், டிரம்மில் இருக்கும் பச்சைத் துண்டை நகர்த்து என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கிறது. இரவு முழுக்கச் சொல்லியிருக்கிறது, பாவம்.

முன்மூடியைத் திறந்து, உள்ளே சூடு ஆறும்வரை சற்றுக் காத்திருந்தேன். பொடியை உருக்கித் தாளில் ஒட்ட வைக்கும் பாகம் கிட்டத்தட்ட 200 டிகிரி வரை சூடாகும். டிரம்மை வெளியே எடுத்துப் பழைய நாளிதழ் மேல் வைத்தேன். டோனரைக் கழற்றினேன். டிரம்மின் மேல்புறத்தில் விரல்நுனி அளவுக்கு ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துண்டு. அதன் அடியில் மயிரிழை போல ஒரு கம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் அந்தக் கம்பிதான் உருளைக்குச் சீராக மின்னூட்டம் கொடுக்கிறது. தூசி படிந்தால் மின்னூட்டம் தடுமாறும், பிரிண்டர் நின்றுவிடும். துண்டை இப்படியும் அப்படியும் பத்துத் தடவை இழுத்தால் அதுவே கம்பியைத் துடைத்துவிடுகிறது. உருளையை மட்டும் கையால் தொடக்கூடாது, வெளிச்சத்திலும் அதிக நேரம் வைக்கக்கூடாது.

அம்மா அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர். “மங்கைத் துடைக்காமப் பால் எடுத்தா குப்பையும் சேர்ந்துதான் வரும்” என்றார். சரிதான்.

மாட்டி, மூடினேன். ஆச்சரியக்குறி போய்விட்டது! ஆனால் வந்த தாளில் மேலிருந்து கீழ்வரை தடித்த கறுப்புக் கோடு. கடைக்காரர் சொன்னதுதான் உண்மையோ என்று வயிறு கலங்கியது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். உருளையில் கீறலோ கறையோ இருந்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறைதான் தாளில் விழ வேண்டும். என் இயந்திரத்தின் உருளை ஒரு சுற்றுக்கு 94 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் புள்ளிகள் வந்தால் குற்றம் உருளையுடையது. எனக்கு வந்ததோ எங்குமே அறுபடாத கோடு. மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தால், பச்சைத் துண்டு வழியில் பாதியிலேயே நிற்கிறது. அம்புக்குறி போட்ட இடத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டுமாம். விட்டேன். அடுத்த தாள் பளிச்சென்று வந்தது.

இதற்கிடையில் சட்டையில் கொஞ்சம் பொடி கொட்டிவிட்டது. வெந்நீரில் அலசப் போன என்னை நானே தடுத்துக்கொண்டேன். பொடி என்பது பிளாஸ்டிக். சூடு பட்டால் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடுகிறது.

தூசி எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சம். தெருவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகின்றன, உண்மை. ஆனால் பிரிண்டர் இருந்த இடம் சாமி மேடைக்கு நேர் கீழே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா போடும் சாம்பிராணியில் கூடமே தெரியாது. மூடியைத் துடைத்த துணியை முகர்ந்து பார்த்தேன், கோயில் வாசனை. அம்மாவிடம் நீட்டினேன். மங்குக் கதை சொன்னவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மேடையை நகர்த்தும் பேச்சுக்கே இடமில்லை. பிரிண்டர் இப்போது என் அறையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அதன் மேல் ஒரு பழைய கைலி.